கொப்புளத்தப் பாக்காதீங்க, புள்ள ஒண்ணுக்குப் போகுதானு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மதுரை செல்லூர்ல இருக்கேன், வீட்டுலயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரர் கீழவாசல் பக்கம் ஒரு கடையில வேலை பாக்குறார். உங்க பேப்பர டீக்கடையில எல்லாரும் படிச்சு முடிச்சப்பறம் எங்க மாமா மத்தியானம் வீட்டுக்கு எடுத்துட்டு வருவார், அப்புறம்தான் நான் படிப்பேன். பள்ளிக்கூடம் தொறந்து ஒண்ணு ரெண்டு மாசம் ஆனா போதும், குழந்தைங்களுக்கு தக்காளி காய்ச்சல், பெத்தவங்க பீதினு பேப்பர்ல ஒரு சின்ன கட்டம் வந்துரும், கொப்புளம் போட்ட ஒரு கை போட்டோவும் இருக்கும், அம்புட்டுதான் செய்தி. அந்தக் கட்டத்துல இல்லாதத யாராவது எழுதணும்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர். நீளமா இருந்தா எங்க வேணா வெட்டிக்கோங்க, தண்ணி பத்தியும் ஒண்ணுக்குப் பத்தியும் எழுதுன இடத்த மட்டும் வெட்டிராதீங்க ஐயா.

போன ஆடியில எங்க பையனுக்கு 3 வயசு 4 மாசம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் தெருவுல ஓடிக்கிட்டு கெடந்தவனுக்கு ராத்திரி உடம்பு கொதிக்க ஆரம்பிச்சுருச்சு, 101 இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில இட்லிய வாயில வச்சான், வச்ச வேகத்துல நாக்கால வெளிய தள்ளிட்டு ஓன்னு அழுதான். பல்லு வலியா இருக்கும்னு நெனச்சோம். அன்னைக்குப் பூரா எச்சி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, நெஞ்சுப்பக்கம் நனைஞ்சு நனைஞ்சு மூணு சட்டை மாத்துனேன், மூணு வயசுப் புள்ளைக்கு எதுக்கு இப்படி எச்சி ஒழுகணும்னு எனக்கு யோசிக்கத் தோணல. செவ்வாய்க்கிழமை காலையில கை கழுவி விடும்போதுதான் பாத்தேன், உள்ளங்கையில, ரேகை ஓடுது பாருங்க அந்த இடத்துல, கேழ்வரகு மணி சைஸுல செக்கச்செவேல்னு ஏழெட்டு. கொசு வந்து உள்ளங்கையிலயா கடிக்கும்? காலத் தூக்கிப் பாத்தா உள்ளங்கால்லயும் அதே. சாயந்திரத்துக்குள்ள ஒவ்வொண்ணும் நடுவுல வெந்த ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்துக்கிச்சு, முட்டியிலயும் உக்கார்ற எடத்துலயும் பொரிப்பொரியா வந்துருச்சு. செல்போன் லைட்ட அடிச்சு வாயப் பொளந்து பாத்தோம். நாக்கு ஓரத்துல, உள்நாக்கு பக்கத்துல, கன்னத்துக்கு உள்பக்கம், வெள்ளையா ஒரு புள்ளி, அதச் சுத்தி செவப்பா ஒரு வளையம், அப்படி அஞ்சாறு புண்ணு. அது தெரியாமத்தான் முந்துன நாள் முழுக்க சாப்பிடு சாப்பிடுன்னு அவன அதட்டிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்பறம் வீட்டுல ஆளுக்கொரு பேரு வச்சாங்க. அத்தை பாத்த உடனே கன்னத்துல போட்டுக்கிட்டு ஆத்தா வந்துருக்கான்னாங்க, ஆடி மாசம் வேற, வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு, அடுப்புல தாளிக்கக் கூடாது, புள்ளைய குளிப்பாட்டக் கூடாது, மருந்து மாத்திரைனு பேச்சே எடுக்கக் கூடாது, மூணாந்தண்ணி ஊத்துறப்ப தெப்பக்குளம் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்போம்னு வேண்டிக்கிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா இது அக்கி, வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போயி செங்காவியில அக்கி எழுதிட்டு வா, ரெண்டே நாள்ல அமுங்கிரும்னாங்க. அலங்காநல்லூர் பக்கம் மாடு வச்சிருக்க எங்க சித்தப்பா போன்ல கேட்டுட்டு, வாயிலயும் கால்லயும் புண்ணுன்னா அது கோமாரிதான் ஆத்தா, மாட்டுப்பால நிறுத்துன்னு ஒரு போடு போட்டார். டீக்கடையில தக்காளி காய்ச்சல்னு சொல்லி மாமாகிட்ட தக்காளியே வாங்காதீங்கன்னு சொல்லி விட்டுருக்காங்க.

இது எதுவுமே இல்ல ஐயா. இதுக்குப் பேரு கை கால் வாய் நோய். என்டிரோவைரஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல முக்கால்வாசி காக்ஸாக்கி ஏ 16, ஏ 6ங்கிற வைரஸ்னால வருது, சில சமயம் என்டிரோவைரஸ் 71னு ஒண்ணுனால வருது. காக்ஸாக்கிங்கிறது அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல இருக்க ஒரு ஊரு பேரு, 1948-ல அந்த ஊரு புள்ளைங்ககிட்ட இருந்துதான் இந்த வகை வைரஸ மொதல்ல கண்டுபிடிச்சாங்களாம். தக்காளிக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் கெடையாது, கொப்புளம் செவப்பா இருக்குன்னு வச்ச பேரு அது. 2022 மே மாசம் கேரளாவுல கொல்லத்துல புள்ளைங்களுக்கு வந்தப்ப தான் அந்தப் பேரு இந்தியா பூரா பரவுச்சு, புதுசா ஏதோ மர்ம காய்ச்சல்னு எல்லாரும் பயந்தாங்க, கேரளாவுக்கு வந்துட்டு இங்கிலாந்து திரும்புன புள்ளைங்களுக்கு அப்படி வந்தத டெஸ்ட் பண்ணிப் பாத்தா பழைய காக்ஸாக்கி ஏ 16 தான் இருந்துச்சு. ஆகஸ்ட் மாசம் மத்திய அரசே அறிகுறி தெரிஞ்சதுல இருந்து 5 முதல் 7 நாள் புள்ளைய தனியா வைங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதுச்சு. மூணு வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம ஊர்ல இன்னும் தக்காளிய ஒதுக்கிக்கிட்டு இருக்கோம்.

கோமாரி விஷயத்த மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டினு சுத்துப்பட்டு எல்லாம் மாடு வச்சிருக்கவங்க தான். மாட்டுக்கு வர்ற கோமாரி வைரஸ் வேற, இது வேற, தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம், ஆனா மாட்டுல இருந்து புள்ளைக்கோ புள்ளைல இருந்து மாட்டுக்கோ இது ஒட்டாது. அதனால காய்ச்சுன பால நிறுத்துனா புள்ளைக்குத்தான் நட்டம், அந்த நேரத்துல தொண்டையில எறங்குறதே பால் ஒண்ணுதான்.

அத்தை சொன்ன அம்மையும் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, சின்னம்மைல கொப்புளம் நெஞ்சு, முதுகு, தலையிலனு ஒடம்புல அதிகமா வரும், அரிக்கும், ஒண்ணு புதுசா கிளம்பும்போது இன்னொண்ணு காஞ்சிருக்கும். இதுல உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பின்பக்கம், அதுலதான் அதிகம், அரிப்பு அவ்வளவா இருக்காது, வலிதான். தட்டம்மைனா சளி, இருமல், கண்ணு செவந்து தண்ணியா ஒழுகும், மூஞ்சில ஆரம்பிச்சு கீழ எறங்கும், நீர் கோக்காது. ஆனா ஏ 6 வகைனா இதுவும் கை, வாய் சுத்தி, தொடைனு நெறைய எடத்துல வந்து சின்னம்மை மாதிரியே ஏமாத்தும், அதனால நாமளே முடிவு பண்ணாம ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிரணும்.

அத்தைய நான் கொறை சொல்லல, இது மனசுல இருந்து எழுதுறேன். அம்மைன்னா வீட்டுல அந்நிய ஆள விட மாட்டாங்க, புள்ளைய வெளிய அனுப்ப மாட்டாங்க, தனி பாய், தனி துணி, தனி தம்ளர், குளிர்ச்சியான சாப்பாடு, இதெல்லாம் இந்த நோய்க்கும் அப்படியே பொருந்துது. எங்க தெருவுல எங்க வீட்ட விட்டு இது வெளிய போகலன்னா அதுக்கு அத்தை வாசல்ல சொருகுன வேப்பிலை ஒரு காரணம், அதப் பாத்துட்டு எந்தப் புள்ளையும் வெளையாட வரல. மருந்து கூடாது, தண்ணி ஊத்தக் கூடாதுங்கிற ரெண்ட மட்டும் விட்டுரணும். காய்ச்ச மருந்து குடுக்காட்டி வலியில புள்ள வாயே தொறக்காது, அப்புறம் எங்கிட்டு இருந்து கூழ ஊத்துறது? வெதுவெதுன்னு தண்ணியில தெனமும் குளிப்பாட்டலாம், கொப்புளத்த தேய்க்காம ஒத்தி எடுத்தா போதும். வேப்பிலை மஞ்சள அரைச்சு ஒடஞ்ச கொப்புளத்து மேல பூசாதீங்க, ஊசி வச்சு நீர எடுக்காதீங்க, அதுலதான் சீழ் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பக்கத்துல ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனோம். பேரு சொல்ல விரும்பல. கைய மட்டும் பாத்துட்டு இடுப்புல ஒரு ஊசி, ஆன்டிபயாட்டிக் சிரப்பு, பூசுறதுக்கு ஒரு லோஷன், அலர்ஜிக்கு ஒரு சிரப்பு, காய்ச்சலுக்கு ஒண்ணு, எல்லாம் சேத்து 780 ரூபா ஆச்சு. என்ன நோயுன்னு கேட்டதுக்கு வைரல், சரியாயிரும்னு ஒரு வார்த்த. வைரல்னா ஆன்டிபயாட்டிக் எதுக்குன்னு எனக்கு அப்ப கேக்கத் தெரியல, இப்பத் தெரியும், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலையே செய்யாது, புண்ணுல வேற கிருமி ஏறுனாத்தான் அது. இந்த நோயக் கொல்ற மருந்துன்னு ஒண்ணு இல்ல, ஒரு வாரம் பத்து நாள்ல தானாவே போயிரும், அதுவரைக்கும் புள்ளைய வாடாம வச்சுக்கிறதுதான் வைத்தியம்.

புதன்கிழமை புள்ள ரொம்ப வாடிப்போயி தோள்ல தொங்கிட்டான், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். குழந்தைங்க ஓபியில ஒரு டாக்டரம்மா, எனக்கு முன்னாடி முப்பது பேராவது வரிசையில நிக்கிறாங்க. அவங்க கையப் பாத்தாங்க, வாயப் பாத்தாங்க, அப்புறம் மொதக் கேள்வியே "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" அப்படின்னாங்க. எனக்குப் பதில் தெரியல ஐயா. எத்தன கொப்புளம்னு எண்ணி வச்சிருக்கேன், இடது கையில 9, வலது கையில 11னு சொல்லுவேன், ஒண்ணுக்குப் போனானானு தெரியல. வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேட்டா காலையில 6 மணிக்கு, கொஞ்சூண்டு, மஞ்சளா போனான்னார். அப்ப மணி பன்னெண்டரை. டாக்டரம்மா அவன் நாக்க விரலால தொட்டுப் பாத்தாங்க, அழுதா கண்ணீர் வருதான்னு பாத்தாங்க, "இந்த நோய் புள்ளைய ஒண்ணும் பண்ணாதும்மா, வாய்வலியில தண்ணி குடிக்காம இருக்கும் பாரு, அதுதான் படுக்கப் போடும், நீ கொப்புளத்த எண்ணாத, தண்ணிய எண்ணு"ன்னாங்க. அங்கயே உக்கார வச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல அஞ்சு அஞ்சு மில்லியா ஓஆர்எஸ் தண்ணிய கன்னத்து ஓரமா விடச் சொன்னாங்க. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு மணிக்கு அந்த பெஞ்சுலயே என் மடி நனைய ஒண்ணுக்குப் போனான், எனக்கு அழுகையே வந்துருச்சு, பக்கத்துல இருந்த அம்மா என்னவோ ஏதோன்னு பதறிட்டாங்க.

அதுல இருந்து அஞ்சு நாளு எங்க வீட்டுல ஒரு நோட்டுல எழுதி வச்சோம், எத்தன மணிக்கு எவ்வளவு குடிச்சான், எத்தன மணிக்கு ஒண்ணுக்குப் போனான்னு. ஒவ்வொரு வீட்டுலயும் இத செய்யணும். 6 மணி நேரமா போகலன்னா உஷாராகணும், 8 மணி நேரம் தாண்டுனா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிட்டுப் போயிரணும்.

என்ன குடுக்குறதுன்னா, ஜில்லுன்னு இருக்கணும், புளிப்பு, காரம், உப்பு, சூடு இந்த நாலும் இருக்கக் கூடாது. இது தெரியாம சொந்தக்காரங்க ஒருத்தங்க பாசமா ரெண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிட்டு வந்து பிழிஞ்சு குடுத்தாங்க, ஒரு மொடக்கு உள்ள போனதும் அவன் போட்ட சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு, அதுக்கப்பறம் நாலு மணி நேரம் தம்ளரப் பாத்தாலே வாயப் பொத்திக்கிட்டான். எளநி ஒத்துக்கிச்சு. ஜில்லுன்னு பால் ஒத்துக்கிச்சு. புளிக்காத தயிர நல்லா தண்ணியா கடைஞ்சு உப்பு போடாம குடுத்தோம். அத்தை கம்பங்கூழ மெல்லுசா கரைச்சு அந்த மோர ஊத்தி ஃபிரிட்ஜுல வச்சுக் குடுத்தாங்க, அவன் மொத மொத ஒரு கிண்ணம் முழுசா குடிச்சது அதத்தான். பருத்திப்பாலும் வச்சாங்க, சுக்கு போடாம, கருப்பட்டி மட்டும் போட்டு, நல்லா ஆறவச்சு. சுக்கு போட்டா புண்ணுல எரியும்னு அத்தையே யோசிச்சு விட்டுட்டாங்க. டாக்டரம்மா ஐஸ்கிரீம் குடுக்கலாம்னு சொன்னத வீட்டுல வந்து சொன்னப்ப யாருமே நம்பல, காய்ச்சக்கார புள்ளைக்கு ஐஸான்னு மாமா எந்திரிச்சே போயிட்டார், ஆனா பால் ஐஸ் சப்புனப்பறம் வாய் மரத்துப்போயி அரை மணி நேரம் நல்லா குடிச்சான், அதப் பாத்துட்டு மாமாவே மறுநாள் வாங்கிட்டு வந்துட்டார். சாப்பாடு ரெண்டு மூணு நாள் கொறஞ்சா ஒண்ணும் ஆகாது, திணிக்காதீங்க, குடிக்கிறதுல மட்டும் விடக் கூடாது. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைன்னா நிறுத்தவே வேணாம், அடிக்கடி குடுங்க. ஓஆர்எஸ்னா பொட்டலத்துல எவ்வளவு தண்ணினு போட்டுருக்கோ அவ்வளவுல கரைக்கணும், கடையில டப்பாவுல இனிப்பா விக்கிற ஜூஸ் எல்லாம் அது ஆகாது.

மருந்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். காய்ச்சலுக்கும் வாய்வலிக்கும் பாராசிட்டமால் ஒண்ணு போதும், குடிக்க வைக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி குடுத்தா வாய் தொறக்கும். ஆனா பாட்டில்ல ரெண்டு விதம் இருக்குங்கிறது எத்தன பேருக்குத் தெரியும்? 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒண்ணு, 5 மில்லிக்கு 250 ஒண்ணு, ரெண்டும் ஒரே கலரு, ஒரே வாசம். எங்க வீட்டுல எப்பவும் 125 பாட்டில் தான், 13 கிலோ புள்ளைக்கு 7.5 மில்லி டாக்டர் எழுதியிருந்தாங்க. கிளினிக்ல குடுத்தது 250. புதன்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்துல வீட்டுக்காரர் அந்த 250 பாட்டில்ல இருந்து 7.5 மில்லி மூடியில ஊத்திட்டார், வாய்க்குப் போற நேரத்துல நான் பாத்துட்டேன், அந்த பாட்டில்ல அவனுக்கு அதுல பாதி, 3.75 மில்லிதான். கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல ஒரு தடவைக்குப் போகக் கூடாது, ஆறு மணி நேரம் எடைவெளி விட்டு ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாட்டில் மேல பேனாவால எண்ணப் பெருசா எழுதி வைங்க. ஆஸ்பிரின புள்ளைங்களுக்குக் குடுக்கவே கூடாது. புரூஃபன் மாதிரி மருந்த டாக்டர் சொல்லாம குடுக்காதீங்க, மழைக்காலத்துல கூடவே டெங்கு இருந்தா அது ரத்தக்கசிவுல கொண்டு போயி விடும். வாய் மரத்துப்போற ஜெல்லும் அப்படித்தான், மெடிக்கல்ல குடுத்தாங்கன்னு சின்னப் புள்ள வாயில தடவிராதீங்க.

நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல சும்மா சரியாயிரும், பயப்பட வேணாம். ஆனா அந்த 71-ம் நம்பர் வைரஸ் சில சமயம் மூளைக்கும் இதயத்துக்கும் போகும், 1998-ல தைவான்ல அந்த நோய் பரவுனப்ப 78 பேரு செத்துப்போனாங்க, முக்கால்வாசி சின்னஞ்சிறு புள்ளைங்க. இத எழுதுறப்பவே கை நடுங்குது, எழுதாமயும் இருக்க முடியல. தூங்குறப்ப புள்ள திடுக்குதிடுக்குனு தூக்கித் தூக்கிப் போட்டா, ஓயாம வாந்தி எடுத்தா, நடக்குறப்ப தள்ளாடுனா, கை கால் துவண்டா, எழுப்புனா முழிக்காம சொங்கிப்போயிக் கெடந்தா, மூச்சு வாங்குனா, வலிப்பு வந்தா, கை கால் சில்லுன்னு ஆயிருச்சுன்னா, கொப்புளம் கொறையுதா கூடுதானு பாக்காதீங்க, 108க்கு போன் போடுங்க. காய்ச்சல் 3 நாளத் தாண்டுனாலும், ஆறு மாசத்துக்கு உள்ள இருக்க கொழந்தைக்கு வந்தாலும் அன்னைக்கே காட்டணும். சந்தேகம்னா 104ல கேக்கலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க.

அடுத்து எப்படி ஒட்டுதுங்கிறது. எச்சி, சளி, கொப்புளத்து நீரு, மலம், இந்த நாலுல இருந்து. ஒட்டுன 3 முதல் 6 நாளுக்குள்ள காய்ச்சல் அடிக்கும். மொத வாரம் தான் அதிகமா ஒட்டும், ஆனா மலத்துல பல வாரம் அந்த வைரஸ் வந்துக்கிட்டே இருக்கும், அதனால கொப்புளம் காஞ்சப்பறமும் புள்ளைக்குக் கால் கழுவி விட்டா, டயாப்பர் மாத்துனா, நம்ம கைய சோப்பு போட்டு நல்லா தேச்சுக் கழுவணும், வெறும் தண்ணியில அலசுனா போகாது. கொரோனா காலத்துல வாங்கி வச்ச சானிட்டைசர் பாட்டில நம்பாதீங்க, இந்த வைரஸ் அதுக்கு லேசுல அசராது, சோப்பும் ஓடுற தண்ணியும்தான். வெளையாட்டு சாமான், கதவு கைப்பிடி, டாய்லெட் எல்லாம் சோப்புத் தண்ணியில கழுவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில தொடைங்க. பெரியவங்களுக்கும் வரும், எங்க வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் தொண்டை வலியும் உள்ளங்கையில நாலு கொப்புளமும் வந்து ஊசி குத்துற மாதிரி வலிக்குதுன்னார், அப்பத்தான் புள்ள என்ன பாடு பட்டுருப்பான்னு அவருக்கே புரிஞ்சுச்சு. மாசமா இருக்க பொண்ணுங்க வீட்டுல இருந்தா அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. ஒரு தடவ வந்துட்டா திரும்ப வராதுன்னும் இல்ல, வைரஸ் பல வகை, ஒண்ணுக்கு வந்த எதிர்ப்பு இன்னொண்ணுக்கு ஆகாது. சீனாவுல 71-ம் நம்பருக்கு மட்டும் தடுப்பூசி இருக்கு, நம்ம ஊர்ல இதுக்கு ஊசி கெடையாது.

இனி என் மனசுல கெடக்குற விஷயம். பத்து நாள் கழிச்சு பையன பிளே ஸ்கூல்ல விடப் போனேன். கேட்டுல இன்னொரு புள்ளையோட அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, எம் பொண்ணுக்கும் வந்துச்சுக்கா, உங்க பையனுக்கு ஒரு வாரம் முந்தியே, நான் அன்னைக்கே மிஸ்கிட்ட சொன்னேன், மிஸ்தான் மத்தவங்ககிட்ட சொல்லிராதீங்க, புள்ளைங்க வராம நின்னுருவாங்கன்னாங்கன்னு சொல்லுது. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஒரு வாரம் முந்தி ஒரு வார்த்த சொல்லிருந்தா, எச்சி ஒழுகுன அந்தத் திங்கக்கிழமையே எனக்கு என்னன்னு புரிஞ்சிருக்கும், அவன நான் அதட்டிருக்க மாட்டேன், அந்த ஊசி போட்டுருக்க வேணாம், புதன்கிழமை அப்படி வாட விட்டுருக்க மாட்டேன்.

ஆனா அந்த ஸ்கூல் மட்டும் தப்புன்னும் சொல்ல முடியல. எங்க தெருவுலயே ஒருத்தங்க லேசா காய்ச்சலோட புள்ளைக்கு மருந்த ஊத்தி, முழுக்கை சட்டை போட்டு அங்கன்வாடியில விட்டுட்டு வேலைக்குப் போனாங்க. கேட்டா, ஒரு வாரம் லீவு போட்டா கடையில வேற ஆள வச்சுருவாங்க, வீட்டுல பாத்துக்க யாரும் இல்லன்னு அழுகுறாங்க. எனக்கு வீட்டுலயே தையல் வேலை, அத்தை மாமா இருக்காங்க, நான் சுலபமா பேசிருவேன், அவங்க நெலமையில நின்னு பாத்தாத் தெரியும். அவங்க புள்ளைய மூணு நாள் எங்க வீட்டுலதான் வச்சுக்கிட்டோம், எம் பையனுக்கு ஏற்கனவே வந்து போயிருச்சு, ரெண்டு பேரும் ஒரே பாயில கெடந்தாங்க. இப்படி தெருவுக்கு ஒரு வீடு இருந்தா ஒரு தாய் பொய் சொல்ல வேண்டியதில்ல. மொதலாளிமாரும் புள்ளைக்கு ஒட்டுற நோய்னு ஒருத்தி வந்து நின்னா சம்பளம் பிடிச்சாலும் சரி, வேலைய விட்டு எடுக்காம இருக்கணும்.

ஸ்கூல்காரங்களும் அங்கன்வாடி டீச்சர்களும் செய்ய வேண்டியது பெரிய காரியமே இல்ல. புள்ள பேரு வேணாம், வீடு வேணாம். எங்க வகுப்புல ஒரு புள்ளைக்கு கை கால் வாய் நோய் வந்துருக்கு, உங்க புள்ளைக்குக் காய்ச்சல், எச்சி ஒழுகல், உள்ளங்கையில கொப்புளம் இருந்தா அனுப்பாதீங்க, காய்ச்சல் விட்டு, எச்சி நின்னு, கொப்புளம் காஞ்சப்பறம் அனுப்புங்கன்னு ஒரு தாள்ல எழுதி கேட்டுல ஒட்டணும், வாட்ஸ்அப் குரூப்புல போடணும். ஸ்கூலயே மூட வேண்டிய அவசியம் இல்ல. தண்ணிக் குடத்துல எல்லாருக்கும் ஒரே தம்ளரா இருக்கிறத மாத்தணும், குழாயடியில சோப்பு வைக்கணும்.

ஒண்ணு மறந்துட்டேன். எல்லாம் சரியாகி அஞ்சு வாரம் கழிச்சு ஒரு நாள் நகம் வெட்டி விடுறப்ப அவன் கட்டைவிரல் நகம் அடியில இருந்து அப்படியே கழண்டு வந்துருச்சு, வலியே இல்ல, ரத்தமும் இல்ல. அடுத்தடுத்து நாலு நகம். எனக்கு உயிரே போயிருச்சு. டாக்டரம்மாகிட்ட ஓடுனா, இதுவும் அந்த நோயோட வால் தாம்மா, சில புள்ளைங்களுக்கு அப்படி விழும், உள்ள புது நகம் வருது பாருன்னு காட்டுனாங்க. வைகாசி கடைசியில எடுத்த போட்டோவப் பாத்தா எந்த விரல்னே தெரியல, எல்லாம் மொளச்சு வந்துருச்சு. இது யாராவது முன்கூட்டியே சொல்லிருந்தா அந்த ஒரு ராத்திரி தூக்கமாவது மிஞ்சிருக்கும்.

ஆடி பொறக்கப் போகுது. பையன இந்த வருஷம் வேற ஸ்கூல்ல எல்கேஜி சேத்துருக்கோம். போன வாரம் ஆபீஸ் ரூம்ல போயி, இப்படி ஏதாவது ஒட்டுற நோய் வந்தா கேட்டுல எழுதி ஒட்டுவீங்களான்னு கேட்டேன், பாக்குறோம்மான்னாங்க. ஒட்ட வேண்டிய தாள நானே எழுதி நாலு காப்பி ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை கொண்டு போயி குடுத்துட்டு திரும்பவும் கேப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.